உளியும் எண்ணும்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டு முனையிலும் ஒரு தகரப் பலகை நட்டிருப்பார்கள். நட்ட வருஷம், ஏக்கர், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஆர்.ஆர்.ஐ.எம். 600. அம்மாவோடு, உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் எடுக்கப் போன வயதில், அந்த 600 அங்கே நிற்கும் மரத்தின் எண்ணிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் நிரை நிரையாக எண்ணிப் பார்த்தேன், ஒத்து வரவில்லை. "கிராணிக்குக் கணக்குத் தெரியலம்மா" என்றேன். அம்மா பால் பிடிக்கிற மங்கைத் துடைத்துக் கவிழ்த்தபடியே, "அது மரத்தோட பேருடா. வாயப் பாத்துக்கிட்டு நிக்காம ஒட்டுப்பால எடு" என்றார்.

அந்தப் பேரை யார் வைத்தார்கள், அது எப்படி எங்கள் நிரைக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

நான் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டத்துப் பிள்ளை. இன்று பெஸ்தாரி ஜெயா என்று பலகை போட்டிருக்கிற பத்தாங் பெர்ஜுந்தைதான் எங்களுக்குப் பட்டணம். 1971இல் உளி பிடித்தேன். 28 வருஷம் மரம் வெட்டினேன். இடையிடையே நாற்றுமேடையில் ஒட்டுக் கட்டினேன். மரம் வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் சாய்ப்பது இல்லை, பாலுக்குச் சீவுவது. இப்போது ஈஜோக் பக்கம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் கித்தா மிச்சம் வைத்திருக்கிற சிலர் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உளியை என் கையில் தந்தது தாய்மாமன். தந்தார் என்றால் அன்றைக்கே வெட்டச் சொல்லிவிடவில்லை. முதல் பத்து நாள் எண்ணெய்க்கல்லும் நானும்தான். தீட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தின் மேல் உளியை மெல்ல வைக்கச் சொல்வார். வழுக்கிக்கொண்டு போனால் கூர் இல்லை. நகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் கூர். பதினோராம் நாள்தான் மறுநடவுக்கு ஒதுக்கிய, ஒட்டுக் கட்டாமல் விதையிலேயே வளர்ந்த பழைய விதைக்காட்டில் என்னை விட்டார். அந்த மரங்கள் எப்படியும் சாயப் போகிறவை. கெட்டால் யாருக்கும் நட்டமில்லை.

அங்கே மூன்று மாதம். காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போனால், மாமா பின்னால் நின்று என் கையைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார். உளி மரத்தைச் சுற்றி ஓட வேண்டுமென்றால் கால் நகர வேண்டும். கால் நின்ற இடத்தில் நிற்க, கையை மட்டும் நீட்டினால் உளி முனை உள்ளே திரும்பிவிடும், காயம் நிச்சயம். "கோயில்ல பிரகாரம் சுத்துற மாதிரி சுத்து. சாமிய இடிக்காதே" என்பார். மரம்தான் அவருக்குச் சாமி. இடித்த அன்றைக்குக் கோப்பிக் கடையில் என்னோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார்.

பட்டைக்கு மேலே சொரசொரப்பான தோல். அதற்குள் ஒரு கெட்டியான அடுக்கு, உளிக்கு அடியில் மணல் மாதிரி கரகரக்கும். அதையும் தாண்டினால் மெதுவான பட்டை. வெந்த மரவள்ளிக்கிழங்கில் கத்தி இறங்குகிற மாதிரி உளி இறங்கும். பால் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கும் உள்ளே, மரக்கட்டையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பான படலம். மரம் பருப்பதும் புதுப் பட்டை வளர்வதும் அதிலிருந்துதான். அதை உளி தொடக்கூடாது. தொடாமல் நிற்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர். விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்கு மேல், ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டு நிறுத்த வேண்டும்.

மாமா இதை மில்லிமீட்டர் என்று சொன்னதில்லை. "சத்தம் மாறுற இடத்துல மூச்சை அடக்கு" என்பார். அவ்வளவுதான் பாடம்.

மூன்று மாதம் கழித்து, 1972இல், வெட்டுக்குப் புதிதாகத் திறந்த காட்டில் எனக்கு நிரை கொடுத்தார்கள். 1965இல் நட்ட 600. தண்டு தொட்டால் இளம்பிள்ளையின் தொடை மாதிரி இருக்கும். அந்த வருஷம் நான் போட்ட காயங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திறக்கிற வேலைக்கு ஒரு கம்பும் தகரமும் உண்டு. கம்பு 60 அங்குலம். ஒட்டுக் கட்டிய இடத்திலிருந்து அந்த உயரத்தில் நாடாவைச் சுற்றினால் மரம் 20 அங்குலம், இன்றைய கணக்கில் 50 சென்டிமீட்டர், இருக்க வேண்டும். நூறு மரத்தில் எழுபது அந்த அளவுக்கு வந்த பிறகுதான் காட்டைத் திறப்பார்கள். தகரப் பட்டையைத் தண்டில் சுற்றிக் கோடு கிழிப்பார்கள். இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தாழ்வு, 30 டிகிரி சரிவு. பாதி மரத்தைச் சுற்றி ஒரு வெட்டு. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு. இந்த எண்கள் எல்லாம் துரை சொன்னவை என்று நாங்கள் நினைத்தோம். துரைக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் காட்டில் ஒருவர் இருந்தார், நொட்டாங்கைக்காரர். பல வருஷமாகத் தகரக் கோட்டை மாற்றி, தன் கைக்கு வசதியாக வலப்பக்கம் உயர்த்தி வெட்டிக்கொண்டிருந்தார். அப்போதிருந்த மண்டோரும் விட்டுவிட்டார். வெட்டு அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு காயம் இருக்காது. ஆனால் நிறுவையில் அவர் பால் எப்போதும் இரண்டு மூன்று ராத்தல் குறையும். புதிதாக வந்த ஒரு கிராணி, இவர் பாலை வெளியே விற்கிறார் என்று சந்தேகப்பட்டு எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தோடு குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவர் பால் ஏன் குறைந்தது என்பதற்கு விடை எனக்குக் கிடைத்தது 1980இல், சுங்கைபூலோவில்.

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியாகக் கோலாலம்பூர் போகிற சடக்கில்தான் சுங்கைபூலோ. அந்த நாளில் பஸ்ஸில் போகும்போது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காடு நீளமாக ஓடும். நாங்கள் ஆர்.ஆர்.ஐ. என்போம். தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்தது; மரம் வைத்துச் சோதித்துப் பார்க்கிற நிலையம் இங்கே. அங்கே மரம் வெட்டுகிறவர்களுக்கும் ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கும் பயிற்சி வைப்பார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள், அதில் நான் ஒருவன். புதுச் சட்டை தைத்துக்கொண்டு போனேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

இரண்டாம் நாள் ஓர் அதிகாரி பட்டையை மெல்லிய தோலாகச் சீவிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். அவைதான் பால் ஓடுகிற நரம்புகள். வெளிப்பக்கம் அங்கொன்று இங்கொன்றாக. உள்ளே போகப் போக நெருக்கமாக. படலத்தை ஒட்டிய இடத்தில் தைப்பூசக் கூட்டம். ஒன்பது வருஷமாக நான் காயத்துக்குப் பயந்து, சத்தம் மாறியதுமே உளியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தக் கூட்டத்தின் பாதியை ஒவ்வொரு நாளும் வெட்டாமலே வந்திருக்கிறேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த நரம்புகள் நேராக நிமிர்ந்து ஓடவில்லை. மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்கின்றன. மூன்று நான்கு டிகிரிதான். அதனால் இடப்பக்கம் உயர்த்தி வெட்டினால் அவற்றை ஏறக்குறையக் குறுக்காக வெட்டுகிறோம், நிறைய நரம்பு அறுபடும். மாற்றி வெட்டினால் குறையும்.

எனக்கு அந்த நொட்டாங்கைக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அவர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன்; சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு இருமல் வந்து வேலையை விட்டிருந்தார். "இதுக்குக் கண்ணாடி வேற வேணுமா? நான் காதாலேயே சொல்லுவேனே" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "சாயுதா? வலப்பக்கமா?" என்று கேட்டு, தன் முழங்கையை மரமாக வைத்துக்கொண்டு விரலால் கோடு போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தார். "அந்தப் பையன நானும்தான் திட்டினேன்" என்றார்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு என் பால் கூடியது, காயமும் குறைந்தது. இரண்டும் ஒன்றாக நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பால் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன்தான் ஒரு நாள் பயந்து மேலாக வெட்டுவான், மறுநாள் நிறுவை குறைந்த கோபத்தில் ஆழமாகக் குத்துவான். அதிகாலையிலேயே ஏன் வெட்ட வேண்டும் என்பதும் அங்கேதான் புரிந்தது. இரவில் மரம் தண்ணீர் ஏற்றிப் பட்டையை இறுக்கமாக வைத்திருக்கிறது. வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய் இறுக்கம் தளர்கிறது, பால் சுரத்தில்லாமல் நின்றுவிடுகிறது. அதுவரைக்கும் ஐந்து மணிப் பெரட்டு எங்களைத் தூங்கவிடாமல் செய்ய வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழி என்றே நம்பியிருந்தேன்.

600இன் கதையையும் அங்கேதான் கேட்டேன். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி அமைந்தது 1925இல். ஏற்றுமதியாகிற ரப்பருக்கு ராத்தல் கணக்கில் ஒரு வரி பிடித்து, அதில் நடந்தது. அதாவது என் அம்மா பால் சுமந்த காண்டாவிலும் அந்த வரி இருந்திருக்கிறது. 1937இல் இரண்டு மரங்களுக்குக் கலப்புச் செய்தார்கள். ஒன்று ஜாவாவின் ஜிராஞ்சி தோட்டத்து மரம், ஜிர் 1. இன்னொன்று நம் சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்து மரம், பி.பி. 86. ரப்பர்ப் பூ குன்றிமணி அளவுதான் இருக்கும். ஏணியில் ஏறி, பெண் பூவுக்குள் ஆண் பூவின் தண்டை இடுக்கியால் எடுத்து வைத்து, பஞ்சில் ரப்பர்ப் பால் தொட்டு மூடிவிடுவார்கள். நூறு பூவுக்கு ஐந்து காய் நின்றால் பெரிய காரியம். அந்தக் காய்களிலிருந்து வந்த கன்றுகளில் பலவற்றைக் கழித்து, மிஞ்சியதை ஒட்டுக் கட்டிப் பெருக்கி, வெட்டிப் பார்த்து, காற்றில் ஒடிகிறதா, நோய் பிடிக்கிறதா என்று பார்த்து, நடுவில் ஜப்பான்காரன் காலத்தையும் கடந்து தோட்டங்களுக்கு விடுவதற்குள் இருபது வருஷம் போல ஆகிவிட்டது. பழைய விதைக்காட்டில் ஏக்கருக்கு வருஷம் 400, 500 ராத்தல் கிடைத்தால் சந்தோஷம். நல்ல 600 காடு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்தது.

இந்த மாதிரி வேலையை எந்தத் தோட்டமும் தனியாகச் செய்திருக்காது. பிராங் பெசார் மாதிரி ஒன்றிரண்டு பேர் செய்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷம் காத்திருக்கிற பணம் யாரிடம் இருக்கிறது? கம்பெனி மூன்று தடவை கைமாறிவிடும். இரண்டு ஏக்கர் சிறுதோட்டக்காரரைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கழகம் கொடுத்தது ஒரு கட்டுக் குச்சிதான். அந்தக் குச்சியிலிருந்து காடு வருவதற்கு ஒட்டுக் கட்டுகிறவன் கை வேண்டும். என் முதல் இருநூறு நாற்றுகளின் கதையைக் கேளுங்கள்.

நாற்றின் அடித்தண்டில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், இரண்டு நேர்க்கோடு கீறி, குறுக்கே ஒன்று போட்டுப் பட்டையை நாக்கு மாதிரி உரிக்க வேண்டும். பட்டை வழவழவென்று பிரிந்தால் நாற்று தயார். பிடித்துக்கொண்டு கிழிந்தால் கட்டாதே. காய்ச்சல் காலம், மழை வரட்டும் என்று விட்டுவிடு. பிறகு 600 குச்சியிலிருந்து கண் உள்ள பட்டையைக் கொஞ்சம் கட்டையோடு சேர்த்துச் சீவி, கட்டையை மட்டும் பின்னாலிருந்து உரித்து எடுக்க வேண்டும். உள்பக்கத்தில் விரல் படக்கூடாது, மண் படக்கூடாது, எச்சில் தெறிக்கக்கூடாது. நாக்குக்குள் செருகி உடனே கட்ட வேண்டும். நான் செருக, ஓர் அக்கா பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுவார். ஓட்டுக்கூரை அடுக்குகிற மாதிரி ஒரு சுற்று அடுத்த சுற்றின் மேல் ஏறும், மழைத் தண்ணீர் உள்ளே போகாது.

மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, ஒட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். பச்சை! இருநூற்றில் நூற்று எண்பது பச்சை. அன்றைக்கு இரவு லயத்தில் எல்லாருக்கும் நான்தான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து நாற்றின் தலையை அறுத்தார்கள். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. ஒட்டு பச்சையாகவே இருக்கிறது, குருத்து மட்டும் வரவில்லை. பாதிக்கு மேல் அப்படியே நின்றன. அக்காதான் ஒரு குச்சியை எடுத்து, கண்ணைச் சீவி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கண்ணுக்கு நேர் பின்னால் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு இருக்க வேண்டும். கண்ணின் உயிர் அது. கட்டையை முரட்டுத்தனமாக உரித்தால் அந்த மேடு கட்டையோடு போய்விடும், அங்கே ஒரு துளை தெரியும். பட்டை ஒட்டிக்கொள்ளும், கண் குருடு. "தம்பி, நீ கட்டும்போதே பாத்தேன். சொன்னா கோவிச்சுப்பியோன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு முன்னால் ஆறு வருஷம் நாற்றுமேடையில் இருந்தவர் அவர். கத்தி மட்டும் ஆண்கள் கையில்தான் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கண்ணையும் திருப்பி அவரிடம் காட்டிவிட்டுத்தான் செருகினேன்.

கண்ணைத் தலைகீழாகச் செருகியதும் உண்டு. அதுவும் முளைக்கும், முதலில் தரையைப் பார்த்து வளர்ந்து, பிறகு வெட்கப்பட்டு மேலே திரும்பும்.

கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளங்காட்டில் நிரைகளுக்கு நடுவே பியூராரியா மாதிரியான கொடிகளைப் படரவிடச் சொன்னதும் கழகத்தார்தான். மண்ணை மழை அடித்துப் போகாது, கொடியின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும், பழைய கட்டைகள் சீக்கிரம் மக்கி வேர்நோய் குறையும். எங்கள் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பழகியது கண்ணாடி மாதிரி வழித்த தரை. புல் முளைத்தால் சம்பளத்தில் பிடித்த காலம் அது. முதல் வருஷம் ஒரு கிழவர் அரை ஏக்கர் கொடியை ஒரே நாளில் சுத்தமாகக் கொத்தி எறிந்துவிட்டு, துரையிடம் சபாஷ் வாங்க நின்றார். வாங்கிக்கொண்டது வேறு.

1970களில் மருந்து வந்தது. எத்ரல். வெட்டுக்குக் கீழே பட்டையை லேசாகச் சுரண்டி, பனை எண்ணெயில் கலந்த அந்த மருந்தைத் தூரிகையால் ஒரு பட்டையாகப் பூச வேண்டும். பூசிய இரண்டாம் நாள் மங்கு நிரம்பி வழியும். சாதாரணமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் வெட்டுவாயில் பால் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். மருந்து அந்த அடைப்பைத் தள்ளிப் போடுகிறது. பூசினால் வெட்டைக் குறை, மரத்துக்கு ஓய்வைக் கூட்டு என்பதுதான் கழகத்தின் அறிவுரை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முதல் பாதியை மட்டும் கேட்டார்கள். மருந்தும் பூசி, வெட்டையும் குறைக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் நிரைக்கு நிரை பட்டை வறண்டது. உளி ஓடும், சீவல் விழும், பால் வராது. வெட்டுவாய் பழுப்பேறிப் பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அந்த நிரைகளில் நடக்கும்போது யாரும் பேச மாட்டோம்.

அவசரத்தில் இன்னொரு வகையும் உண்டு. விலை ஏறிய ஒரு வருஷம், பதினெட்டு அங்குலம் கூட வராத இளமரங்களைத் திறந்துவிட்டார்கள். பாலுக்குப் போன சத்து தண்டுக்குப் போகவில்லை. அந்தக் காட்டு மரங்கள் கடைசி வரைக்கும் தடிக்கவே இல்லை. சும்மா ஒரு புயல்மழைக்கு வெட்டுவாயில் முறிந்து விழுந்தவையும் உண்டு.

இப்போது என் காயங்கள். ஒரு பக்கப் பட்டையை மேலிருந்து கீழே வெட்டி முடிக்க ஐந்தாறு வருஷம் ஆகும். பிறகு மறுபக்கம், அது இன்னொரு ஐந்தாறு. அதற்குள் முதல் பக்கத்தில் புதுப் பட்டை வளர்ந்திருக்கும். அதை மறுபடி திறப்பார்கள். 1972இல் நான் திறந்த நிரையின் முதல் பக்கம் 1983இல் என்னிடமே திரும்பி வந்தது. நல்ல இடத்தில் பட்டை வழவழப்பாக இருந்தது. நான் இடித்த இடத்தில் எல்லாம் முண்டு. எலுமிச்சங்காய் அளவில், முட்டை அளவில், ஒன்றை ஒட்டி ஒன்று. உளி முண்டில் ஏறிக் குதிக்கிறது. பால் கோட்டை விட்டுத் தண்டில் வழிகிறது. மூன்றாவது நிரையில் ஏழாவது மரம். அங்கே ஒரு முண்டு வரிசை. எந்தக் காலையில் போட்டேன் என்று கூட எனக்கு நினைவிருந்தது. முதல் நாள் இரவு அம்பிகைக்குத் திருவிழா, கூத்து பார்த்துத் தூங்காமல் வந்த காலை. மாமா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் அந்தக் காயத்தில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். பதினொரு வருஷம் கழித்து, அவர் போன பிறகு, அந்த மரம் எனக்குக் காட்டியது. அன்றைக்கு அந்த மரத்துக்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனை எங்களுக்குப் புதிதல்ல; மலேசியாவில் வியாபாரத்துக்கு என்று முதன்முதலில் செம்பனை நட்டதே எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். என் வீட்டுக்காரி கல்யாணமான புதிதில் செம்பனைக் காட்டில் பூத்தூள் போடுகிற வேலைக்குப் போனாள். ஆண் பூவின் தூளை டால்க் பவுடரோடு கலந்து, ஊதுகுழலால் பெண் பாளையில் ஊத வேண்டும். முள் குத்தாத விரல் இருக்காது. 1981 பிப்ரவரியில் ஜொகூரில் குளுவாங் பக்கம், கேமரூனிலிருந்து கொண்டுவந்து சோதித்த ஒரு சின்ன வண்டை விட்டார்கள். ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியல் அறிஞரின் வேலை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். சீக்கிரமே அது எங்கள் பக்கமும் வந்தது. காடு காடாகப் பூவில் மொய்த்து, பூத்தூளைத் தானே சுமந்தது. குலை நன்றாகக் கட்டியது. பூத்தூள் வேலை போனது. "நல்லதுதான், முள்ளு குத்தாது" என்றாள். அடுத்த மாதம் சம்பளம் வாங்கும்போது அப்படிச் சொல்லவில்லை. ஆராய்ச்சி கண்டுபிடித்ததில் என் கைக்கு வந்ததையும் சொன்னேன், அவள் கையை விட்டுப் போனதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் சேர்ந்தது. சுங்கைபூலோ நிலையத்துக் காடு பெரும்பகுதி இப்போது குவாசா டமான்சாரா, எம்.ஆர்.டி. ரயில் நிற்கிறது. 600இன் ஒரு பாதி வந்த பிராங் பெசார், புத்ராஜெயா ஆகிவிட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை. நாங்கள் தாமானில் வீடு வாங்கி வந்துவிட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் ஒரே ஒரு மரம் வைத்திருக்கிறேன். ஈஜோக்கில் ஒரு பழைய காட்டைச் சாய்ப்பதற்கு முன்னால் போய்க் குச்சி வெட்டிவந்து, நானே நாற்று போட்டு, நானே ஒட்டுக் கட்டியது. மேட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் செருகினேன். காட்ட அக்கா இல்லை. 600தான். இலையடுக்கைப் பார்த்தால் தெரியும். காய்க்க ஆரம்பித்தால் வெயிலில் காய் வெடித்துக் கொட்டை தகரக் கூரையில் விழும் என்று பக்கத்து வீட்டம்மா இப்போதே முறைக்கிறார்.

கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் உளியை நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மரத்தைப் பார்ப்பார்கள். போன சனிக்கிழமை ஒருவன் கேட்டேவிட்டான்: "தாத்தா, இதுல ஒரு கோடு போட்டுப் பாக்கலாமா?" உள்ளே போய்த் தையல் நாடாவைக் கொண்டுவரச் சொன்னேன். ஒட்டிலிருந்து அறுபது அங்குலம் அளந்து, அவனையே சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். குனிந்து எண்ணைப் படித்தான். பத்தொன்பது.

நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, உளியை எண்ணெய்த் துணியில் சுற்றி அவனிடமே கொடுத்து, அலமாரியில் வைக்கச் சொன்னேன்.